ஊமை என்று யார் சொன்னது?

உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு தொழிலாளியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் நாளைக் காலையில் “உனக்கு வேலை இல்லை, போ” என்று கை காட்ட ஆள் இருக்கிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளம். அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். பிறவியிலேயே காது கேளாதவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வேலை செய்த நாளுக்கு ஒன்றாக வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பது வழக்கம். ஒரு மாதம் சுவரில் இருபத்து மூன்று கோடு இருந்தது. கணக்கப்பிள்ளையின் நோட்டில் பதினைந்து நாள்தான் இருந்தது. எட்டு நாள் கூலி எங்கே போயிற்று?

விவகாரம் ஓர் அலுவலகத்துக்கு வந்தது. நானும் கூடப் போனேன். அங்கே அவருக்காகப் பேச ஒரே ஓர் ஆள்தான் இருந்தது: அவருடைய அக்கா மகள், ஒன்பது வயதுச் சிறுமி. அவர் கையை வீசி, விரலை மடக்கி, முகத்தைச் சுளித்துச் சொன்னார். அந்தக் குழந்தை எழுந்து நின்று, “மாமா இருபத்தி மூணு நாள்னு சொல்லுதாவ, சார். மழை பெய்த அன்னைக்கும் பாத்திக்குப் போனேன்னு சொல்லுதாவ” என்றது.

அதிகாரி சிரித்தார். “குழந்தை சொல்வதை வாக்குமூலமாக எழுத முடியுமா? அவரையே சொல்லச் சொல்லுங்கள்” என்றார்.

அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார், தோழர்களே! அத்தனை நேரமும் அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கத் தெரியாதவர் அந்த அதிகாரி. இப்போது சொல்லுங்கள்: அந்த அறையில் செவிடு யார்?

கடைசியில் நான்கு நாள் கூலிக்கு ராஜி ஆயிற்று. மீதி நான்கு நாள் கூலியை முதலாளி விழுங்கினார். கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை வாங்கிக்கொண்டார்கள். மொழி இல்லை என்று சொல்லி ஒருவனுடைய உழைப்பைத் திருட முடியும் என்பதை அன்று நான் கண்ணால் கண்டேன்.

நமக்குத் தெரியாத சங்கதியா?

கையால் பேசுவது என்றால் நம்மில் சிலர் ஏளனமாகப் பார்க்கிறோம். “ஊமைப் பாஷை” என்கிறோம். ஆனால் உழைக்கிற மக்கள் என்றைக்குமே கையால் பேசி வந்திருக்கிறார்கள்.

விவசாயத் தோழர்கள் மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். தரகர் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு காசும் தெரியாது, பேரம் முடிந்துவிடுகிறது. முத்தும் ரத்தினமும் விற்ற வியாபாரிகளும் இப்படித்தான் துணிக்கு அடியில் விரலால் பேசினார்கள்.

மில் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. தறிக்கூடத்தில் வாய்விட்டுக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரருக்குக் கேட்காது. நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீ வந்துவிட்டது — எல்லாம் கையும் கண்ணும்தான். துறைமுகத்தில் கப்பலின் அடித்தளத்தில் நிற்பவர்களுக்கும் மேலே கிரேன் ஓட்டுபவருக்கும் நடுவில் நின்று ஒருவர் கை காட்டுகிறார். அந்தக் கை ஒரு விநாடி தவறினால் பாரம் தலைமேல் விழும். கடலில் படகுக்குப் படகு கையை வீசித்தான் மீன் கிடைத்த சேதி போகிறது.

இதே கடலில் முத்துக் குளித்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். கல்லைக் கட்டிய கயிற்றோடு ஒருவர் கடலுக்கு அடியில் இறங்குவார். மேலே படகில் கயிறு பிடிப்பவர் ஒருவர். அடியில் இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் வாய்ப் பேச்சு கிடையாது. அந்த ஓர் அசைவுதான் உயிர். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. சந்தையிலும் மில்லிலும் நாம் காட்டுவது சில குறிகள் மட்டுமே. காது கேளாத மக்கள் கூடி வாழும் இடத்தில் பிறக்கும் சைகை முழு மொழி. அதற்கு இலக்கணம் உண்டு. இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘இல்லை’ என்பதற்குக் கையோடு தலையும் முகமும் சேர்ந்து பேசும். நேற்று நடந்ததைச் சொல்லலாம், நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லலாம், கேலி பேசலாம், கணக்குக் கேட்கலாம். தமிழை அப்படியே கையில் மொழிபெயர்த்ததல்ல அது. தமிழைப் போல அதுவும் தனியாக நிற்கும் ஒரு மொழி.

மொழி எப்படிச் சாகிறது?

நம் மொழி நமக்குத் தாயிடமிருந்து வருகிறது. சைகை மொழி அப்படி வருவதில்லை. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது. எனவே பள்ளி விடுதியில், சங்கத்தில், நான்கு பேர் கூடும் டீக்கடையில், மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்ளும் மொழி அது. அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் மொழி செத்துப்போகும். ஒரு தலைமுறை போதும்.

நாம் பாடப்புத்தகத்தில் எஸ்கிமோக்கள் என்று படித்தோமே, அவர்கள் தங்களை இனுயிட் மக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கனடாவின் வடகோடியில் பனிக்கடல் ஓரத்தில் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்பவர்கள். அவர்களுக்குள்ளே காது கேளாதவர்களும் அவர்களுடைய உற்றார் உறவினரும் பேசும் சைகை மொழி ஒன்று உண்டு. நுனாவுத் என்ற அந்தப் பிரதேசத்தில் 2000ஆம் ஆண்டையொட்டி எடுத்த மதிப்பீட்டின்படி காது கேளாதவர்கள் சுமார் 155 பேர். அவர்களில் அந்த மொழியைப் பேசியவர்கள் ஐம்பது பேர் கூட இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? காது கேளாத குழந்தைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கான மைல் தெற்கே இருந்த பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அமெரிக்கச் சைகை மொழியைக் கற்றார்கள். திரும்பி வந்தபோது சொந்த ஊர்க் கிழவனோடு பேச முடியவில்லை. 2019ஆம் ஆண்டு கனடா சர்க்கார் ஒரு சட்டம் போட்டு, ஆதிகுடிகளின் சைகை மொழிகளையும் ஏற்றுக்கொள்வதாக எழுதியது. எழுதிவிட்டார்கள், சரி. ஆனால் காகிதத்தில் ஏறிய மொழி குழந்தையின் கையில் ஏற வேண்டாமா?

அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியர்ட் என்று ஒரு தீவு. மீனவர்கள் நிறைந்த ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே காது கேளாதவர்கள் அதிகமாகப் பிறந்தார்கள். என்ன செய்தார்கள்? காது கேட்பவர்களும் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார்கள்! படகுக்குப் படகு அந்த மொழியிலேயே பேசினார்கள். அந்த ஊரில் காது கேளாதவனை யாரும் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிக்குப் போனார்கள். வெளியூரில் பெண் கட்டினார்கள். அந்த மொழி பேசிய கடைசிக் காது கேளாதவர் 1952ஆம் ஆண்டு இறந்தார். அவரோடு மொழியும் போயிற்று.

“அமெரிக்காவும் பனிக்கடலும் நமக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். சரி, பக்கத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் ஜில்லாவில் அலிப்பூர் என்று ஓர் ஊர். ஊருக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஷியா முஸ்லிம் மக்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காது கேளாதவர்கள். அந்த ஊருக்கே சொந்தமான ஒரு சைகை மொழி அங்கே வளர்ந்தது. கடைக்காரரும் அண்டை வீட்டாரும் அதில் பேசுகிறார்கள். இன்றோ இளைஞர்கள் பெங்களூர்ப் பள்ளிகளுக்குப் போய் இந்தியச் சைகை மொழியோடு திரும்புகிறார்கள். பழைய மொழி கிழவர்களின் கையில் மட்டும் மிஞ்சுகிறது.

கையைக் கட்டிய சீமான்கள்

1880ஆம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரத்தில் ஒரு மாநாடு கூடியது. காது கேளாத குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் சொல்வது என்று முடிவு செய்ய வந்தவர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர்! அந்தச் சபை என்ன தீர்மானம் போட்டது? சைகையை ஒழி, வாயசைவைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடு என்று தீர்மானம் போட்டது. ஊர் ஊராகக் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். வகுப்பில் கையை அசைத்த குழந்தைக்கு அடி விழுந்தது.

இந்த அநியாயத்துக்கு வருத்தம் தெரிவிக்க எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? 130 வருஷம்! 2010ஆம் ஆண்டு கனடாவில் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் மிலான் தீர்மானத்தைக் கைவிட்டது.

நம் நாட்டுக்கும் அந்தக் காற்று வந்தது. நமக்குப் பக்கத்திலே பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதோர் பள்ளி தொடங்கியது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் இந்த நாட்டுப் பள்ளிகளில் பொதுவாக என்ன நடந்தது? வகுப்பறையில் வாய்ப் பயிற்சி. விடுதியில் இரவு விளக்கடியில் சைகை. வாத்தியார் சொல்லிக்கொடுக்காத மொழியைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். தடையை மீறி அந்தக் குழந்தைகள் காப்பாற்றிய மொழிதான் இன்று இந்தியச் சைகை மொழி என்று நிமிர்ந்து நிற்கிறது.

“இப்போதுதான் காதுக்குள் கருவி வைக்கிறார்களே, இனிச் சைகை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக அறுவை செய்து கருவி வைக்கிறார்கள். நல்ல காரியம், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அறுவையோடு காரியம் முடிகிறதா? பேச்சுப் பயிற்சிக்கு வருஷக்கணக்கில் பஸ் ஏற வேண்டும். கருவி பழுதானால், பாட்டரி தீர்ந்தால், காசு வேண்டும். நாற்று நடும் தாய் கூலியை விட்டுவிட்டு வாரம் ஒருமுறை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா? கருவி நின்ற அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு எந்த மொழி இருக்கும்? கருவியும் கொடு, மொழியும் கொடு என்கிறோம். இதில் என்ன தவறு?

டில்லி அகராதியும் நம் ஊர்க் கையும்

மத்திய சர்க்கார் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2015ஆம் ஆண்டு டில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு 3,000 சொற்களோடு அகராதி வந்தது; 2021ஆம் ஆண்டு அது 10,000 சொற்களாக வளர்ந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும் என்கிறது. 2023ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் காது கேளாத பெண் வழக்கறிஞர் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளர் மூலம் வாதாடினார். இவையெல்லாம் காது கேளாத மக்கள் போராடிப் பெற்றவை. யாரும் தானமாகப் போட்டதில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி கேட்கும் திறன் குறைந்தவர்கள் நாட்டில் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். இத்தனை பேருக்கும் தகுதி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நாடு முழுவதிலும் சில நூறு பேர்தான். சுப்ரீம் கோர்ட்டுக்கு ஆள் கிடைத்தது. எங்கள் உப்பளத் தொழிலாளிக்கு யார் கிடைத்தார்? ஒன்பது வயதுக் குழந்தை!

அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. லட்சக்கணக்கான மக்கள் பேசும் சைகை மொழிக்கு அங்கே இடமில்லை. ஏழை நாடு என்று சொல்லப்படும் உகாண்டா 1995ஆம் ஆண்டிலேயே தன் அரசியல் சட்டத்தில் சைகை மொழியை எழுதியது. நியூசிலாந்து 2006இலும், தென்னாப்பிரிக்கா 2023இலும் ஆட்சிமொழி அந்தஸ்தே கொடுத்துவிட்டன. நம்முடைய சர்க்காருக்கு மட்டும் என்ன தயக்கம்? அட்டவணையில் ஏற்றினால் செலவு செய்ய வேண்டும். பரீட்சை வைக்க வேண்டும். வேலை கொடுக்க வேண்டும். தயக்கத்தின் சூட்சுமம் இதுதான்!

இன்னொரு விஷயம். 2020ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கை சைகை மொழியை நாடு முழுவதும் ஒரே தரமாக்கப் போவதாகச் சொல்கிறது. உள்ளூர்ச் சைகை மொழிகளை மதித்துக் கற்பிப்பது, முடிந்த இடத்தில், பொருத்தமான இடத்தில் என்று வாலில் ஒரு முடிச்சுப் போடுகிறது. ‘முடிந்தால்’ என்ற வார்த்தையின் விலை நமக்குத் தெரியாதா? முடிந்தால் போனஸ், முடிந்தால் குடிதண்ணீர் என்று எத்தனை முதலாளிகளிடம் கேட்டிருக்கிறோம்!

பொது மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னைத் தொழிலாளியும் கல்கத்தாத் தொழிலாளியும் பேசிக்கொள்ள ஒரு பொதுச் சைகை மொழி நல்லது. இலக்கணம் பெரும்பாலும் ஒன்றுதான் என்று ஆராய்ந்தவர்களும் சொல்கிறார்கள். ஆனால் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. பாளையங்கோட்டையிலும் கோவையிலும் சென்னையிலும் வளர்ந்த கைச்சொற்களை முதலில் படம் பிடித்துச் சேகரியுங்கள். அகராதியில் அவற்றுக்கும் இடம் கொடுங்கள். மேலிருந்து ஒரு மொழியை இறக்கி, கீழே இருப்பதை அழிக்கும் வேலையின் ருசி தமிழ் மக்களுக்குத் தெரியும். 1965ஐ மறந்துவிட்டோமா?

காதைக் கெடுத்தவன் யார்?

பிறவியிலேயே காது கேளாதவர்கள் மட்டுமா இந்த நாட்டில் இருக்கிறார்கள்? தறிக்கூடத்தின் சத்தம் பல இடங்களில் 90 டெசிபலைத் தாண்டுகிறது. எட்டு மணி நேரம், இருபது வருஷம் அந்த இரைச்சலில் நின்றவனுடைய காது என்ன ஆகும்? ஓய்வு பெற்ற தோழர்களின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பேரப்பிள்ளை காதருகே கத்த வேண்டியிருக்கிறது. சங்கு குளிப்பவர்களுக்குக் கடலின் அழுத்தத்தில் காதுச் சவ்வு கிழிகிறது, சீழ் வடிகிறது.

சத்தத்தால் காது மந்தமாவது தொழிலால் வரும் நோய், சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஏறியது. எத்தனை மில்லில் தொழிலாளியின் காதைப் பரிசோதித்தார்கள்? உங்கள் மில்லில் ஒருமுறையாவது பார்த்தார்களா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்!

ஆகவே இது யாரோ சிலருடைய பிரச்னை என்று ஒதுங்காதீர்கள். நம்மில் பலர் கிழவர்களாகும்போது காது கேளாதவர்களாகத்தான் ஆகப் போகிறோம்.

நம் வீட்டுக் குறை

சர்க்காரையும் முதலாளியையும் மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக என் மனம் ஒப்பவில்லை.

அந்த உப்பளத்துக்கு நான் பத்து வருஷமாகப் போய்வருகிறேன். எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறேன். அந்தத் தொழிலாளி ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. முன்வரிசையில் உட்காருவார். மற்றவர்கள் கை தட்டும்போது அவரும் தட்டுவார். ஊர்வலத்தில் கொடி பிடிப்பார். நான் என்ன பேசினேன் என்று ஒருநாள் கூட அவருக்குத் தெரிந்திருக்காது. அதை நான் ஒருநாள் கூட யோசித்ததில்லை. பத்து வருஷம் அவருக்கு முன்னால் வாயை அசைத்துவிட்டு, தொழிலாளியிடம் பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அதிகாரியைச் செவிடு என்றேன். நான் மட்டும் யார்?

1908ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் பெற்றார்கள். வ.உ.சி. பேசினார், தொழிலாளர்கள் கேட்டார்கள், நின்றார்கள், வென்றார்கள். பேச்சு எட்டாத தொழிலாளியைச் சங்கம் எப்படித் திரட்டும்?

என்ன கேட்கிறோம்?

ஒன்று: இந்தியச் சைகை மொழியை எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு ஜில்லாவிலும் கோர்ட், போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, தொழிலாளர் அலுவலகம் ஆகியவற்றுக்குச் சம்பளம் பெறும் சைகை மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்க வேண்டும்.

மூன்று: காது கேளாதோர் பள்ளிகளை மூடக் கூடாது. சாதாரணப் பள்ளியில் சைகை தெரியாத வகுப்பில் ஒரு குழந்தையைத் தனியாக உட்காரவைத்துவிட்டு, அதற்கு ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்று பெயர் சூட்டக் கூடாது. காது கேளாதவர்களையே ஆசிரியர்களாக்க வேண்டும்.

நான்கு: தமிழ்நாட்டுச் சைகைகளை மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே படம் பிடித்துப் பாதுகாக்க வேண்டும். அந்த வேலையைக் காது கேளாதவர்களுடைய சங்கங்களின் கையில் கொடுக்க வேண்டும்.

ஐந்து: மில், துறைமுகம், சங்கு குளிப்பு — எல்லா இடத்திலும் வருஷம் ஒருமுறை முதலாளியின் செலவில் காதைச் சோதிக்க வேண்டும். கெட்ட காதுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

ஆறாவது கோரிக்கை சர்க்காருக்கு அல்ல, நமக்கு. ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு வாலிபர்களாவது சைகை மொழி கற்றுக்கொள்ள வேண்டும். கூட்ட மேடையில் பேசுபவர் பக்கத்தில் அவர்களில் ஒருவர் நிற்க வேண்டும்.

சென்ற மாதம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். அந்தச் சிறுமியிடம் மாமாவின் சைகைகளைக் கற்றுக்கொண்டு வருகிறேன். நாற்பத்தைந்து வயதில் விரல் சரியாக மடங்க மாட்டேன் என்கிறது. “அப்படி இல்ல, அண்ணாச்சி” என்று அவள் என் விரலைப் பிடித்துத் திருத்துகிறாள். ‘கூலி’, ‘எத்தனை நாள்’, ‘கணக்கைக் காட்டு’ என்று மூன்று வாக்கியம் வந்திருக்கிறது. பாத்தி ஓரத்தில் நின்று அதை நான் கையால் சொன்னபோது அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். பத்து வருஷப் பேச்சு! பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் கணக்கப்பிள்ளை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

தோழர்களே, அவர் ஊமை அல்ல. நாம்தான் இதுவரை கேட்கவில்லை. இனிக் கேட்போம்!